மிதி, புடி, வுடு

பாட்டிலில் இன்னும் குமிழ் வருகிறது என்று காருக்கு அடியிலிருந்து ஜோஸ்வா சொன்னபோது, எஸ்தர் பெடலிலிருந்து காலை எடுத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"நான் மிதிக்கலையே மாமா," என்றாள்.

கொட்டகையின் தகரத்தின் மேல் தூறல் விழும் சத்தமும், பின்னால் மேட்டிலிருந்து வடிந்து வரும் நீர் சக்கரங்களுக்கு நடுவே புகுந்து முற்றத்துச் சரிவில் இறங்கும் சத்தமும் மட்டும் கேட்டன.

"அப்ப தானா வருது போல," என்றார் ஜோஸ்வா. "சரி, மொதல்லேந்து எடுப்போம். மிதி."

மிதித்தாள்.

பிரேக்கில் ஏர் எடுப்பது, அதாவது ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, இரண்டு பேர் வேலை. ஒருவர் ஸ்பானரோடு சக்கரத்தின் அடியில் கிடக்க வேண்டும். இன்னொருவர் மேலே பெடலில் இருக்க வேண்டும். கீழே இருப்பவர் 'மிதி' என்றால் மிதிக்க வேண்டும். 'புடி' என்றால் மிதித்த காலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அவர் சக்கரத்தின் உட்பக்கம் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறப்பார், ஆயிலும் காற்றும் சின்ன டியூப் வழியாக ஊறுகாய் பாட்டிலுக்குள் இறங்கும், காலடியில் பெடல் தளர்ந்து கீழே போகும். நிப்பிளை மூடிய பிறகுதான் 'வுடு' என்பார். அதற்கு முன்னால் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே இருப்பவர் தெரியமாட்டார். குரல் மட்டும்தான். குரல் சொன்னதைக் கால் செய்ய வேண்டும். இடையில் யோசனைக்கு வேலை இல்லை.

"புடி."

பிடித்தாள். பெடல் மெல்ல இறங்கியது.

"வுடு. ஐயே, இன்னாடி இது, சோடா பாட்டில் மாதிரி பொங்குது."

"இன்னொருவாட்டி நிப்பிளப் பாருங்க மாமா. லீக்கு இருக்கப் போவுது."

"லீக்கு இருந்தா ஆயில் கம்மியாவும். ஆயில் கம்மியாவல. ஏர் தான் ஜாஸ்தியாவுது." அவர் சிரித்தார். "உள்ள யாரோ குந்திக்கினு ஊதிக்கினே கீற மாதிரி."

அந்தச் சிரிப்பு எஸ்தருக்குப் பிடிக்கவில்லை.

வெளிர்மஞ்சள் நிறப் பழைய பியட். அவளுடைய அக்கா ஆனந்தமேரி இந்தக் காரில்தான் செத்தாள். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும் பாதையில், ஒரு வளைவில், கார் திரும்பாமல் நேராகப் பள்ளத்தில் பாய்ந்தது. அக்காதான் ஓட்டினாள். அவள் புருஷன் ஜோஸ்வா பின்னால் பைக்கில் வந்துகொண்டிருந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று போலீசிடம் சொன்னார், பாதிரியாரிடம் சொன்னார், எஸ்தரின் அம்மாவிடம் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எல்லாரும் காரை எடைக்குப் போடச் சொன்னார்கள். அவர் போடவில்லை. மரத்தில் சிக்கிக் கிடந்ததைக் கயிறு கட்டித் தூக்கிவந்து இந்தக் கொட்டகையில் நிறுத்தி, லீவு நாளெல்லாம் அதோடு கிடந்தார்.

வருஷம் திரும்புவதற்குள் எஸ்தரை அவருக்குக் கட்டிவைத்தார்கள். அக்கா பிள்ளை செலினாவுக்கு ஒரு தாய் வேண்டும் என்றார்கள். எஸ்தரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. புடவை எடுக்கும்போது மட்டும் என்ன நிறம் என்று கேட்டார்கள்.

அவர் நல்லவர்தான் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. குரலை உயர்த்த மாட்டார். பனி விழுகிற காலையில் அவளுக்கு முன்பாக எழுந்து வெந்நீர் வைப்பார். கார் ஓட்டக்கூட அவர்தான் கற்றுக்கொடுத்தார். நாளைக்கு அவள் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டும். நைனார்பாளையத்தில் அம்மா வீட்டில் இருக்கும் செலினாவைத் துணிமணியோடு அழைத்து வர வேண்டும்.

"நீ முன்னாடி போ," என்று நேற்றுச் சொன்னார். "நான் பைக்குல பின்னாடியே வரேன். சக்கரத்துல பொக வருதான்னு பின்னாடிலேந்து பாத்தாதான் தெரியும்."

அக்காவிடமும் அதையேதான் சொல்லியிருப்பாரோ என்று அவளுக்கு நேற்றுத் தோன்றவில்லை. இப்போது, காலடியில் பெடல் தொளதொளவென்று இறங்கும்போது, தோன்றியது.

இடப்பக்கப் பின்சக்கரம் முடிந்தது. முடிந்ததாக அவர் சொன்னார். சக்கரத்தை மாட்டிவிட்டு வலப்பக்கத்துக்கு வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் அருகில் நின்று சொன்னார்:

"ஒன்னு தெரிஞ்சிக்கோ. நிப்பிள் எப்பவும் சிலிண்டருக்கு மேல இருக்கணும். காத்து மேலதான நிக்கும்? எடத்துது வலத்துல, வலத்துது எடத்துலன்னு மாத்தி மாட்டிட்டா நிப்பிள் கீழ பூடும். அப்பறம் நாள் பூரா மிதிச்சாலும் ஆயில்தான் வரும், காத்து உள்ளயே நிக்கும். பெடலு நாலு மிதிக்கு கல்லு மாதிரி இருக்கும். ஓட்டிக்கினு போய் ஒரு எறக்கத்துல மிதிச்சா…" உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கிக் காட்டினார்.

"யாராச்சும் அப்படி மாத்தி மாட்டுவாங்களா மாமா?"

"தெரியாதவன் மாட்டுவான்," என்றார் அவர். குனிந்து உள்ளே போனார்.

பனி கீழேயிருந்து ஏறி வந்தது. முதலில் ரோட்டுக்கு அப்பால் இருந்த பள்ளத்தை மூடியது, பிறகு ரோட்டை, பிறகு முற்றத்தின் கடைசியில் நின்ற பலா மரத்தின் அடியை. சாயங்காலம் ஆகவில்லை; ஆனாலும் காருக்குள் வெளிச்சம் பழுப்பாக, கலங்கிய தண்ணீரின் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் ஆனது. சீட்டின் ரெக்சின் வாடை, பிரேக் ஆயிலின் இனிப்பும் காரமும் கலந்த வாடை, இவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை. புளித்த வாடை. எஸ்தர் மூக்கைச் சுருக்கினாள். மரவள்ளிக்கிழங்குப் பால் தொட்டியில் நின்று புளிக்கிற வாடை. இந்த மலைமேல் அதற்கு வழியில்லை. அது கீழே, சின்னசேலம் பக்கத்தில், ஜவ்வரிசி ஆலைகளில் இருக்கிற வாடை. கல்யாணத்துக்கு முன் அக்கா அங்கேதான் வேலைக்குப் போனாள். எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் அவள் கூந்தலில் அந்த வாடை இருக்கும்.

தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மேல்வீட்டுப் பாப்பாத்தி முற்றத்தின் ஓரமாக நடந்து வந்தாள். ஆட்டுக்குத் தழை ஒடித்துவிட்டு வருகிறாள்.

"இன்னா ஜோஸ்வா, இன்னும் அந்த டப்பாவோட மல்லுக்கட்டிக்கினு கீறியா? காயலாங்கடைக்காரன்கூட இத தூக்கமாட்டான்யா."

"ஒரு நாளு உன்ன ஏத்திக்கினு கள்ளக்குறிச்சி போய் வரேன் பாரு. அப்பறம் பஸ்ஸையே திரும்பிப் பாக்கமாட்ட."

"ஐயே, எனக்கு இன்னும் பேரன் கல்யாணம் பாக்கணும்பா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேச்சை மாற்றுவதற்காகச் சத்தமாகச் சிரித்தாள். "ரெண்டு பொம்பளைங்கள உள்ள குந்த வச்சிக்கினு ஒரு பிரேக்க சரி பண்ண முடியல உன்னால. நீயெல்லாம் ஒரு ஆம்பள."

ஜோஸ்வாவும் அடியிலிருந்து சிரித்தார். பாப்பாத்தி பனிக்குள் போய்விட்டாள்.

எஸ்தர் சிரிக்கவில்லை. உள்ளே தொங்கும் கண்ணாடியைப் பார்த்தாள். பின்சீட் காலியாக இருந்தது. கிழிந்த இடத்தில் ஒட்டிய பச்சை டேப், நடுவில் ஒரு பழைய துண்டு. திரும்பி நேராகவும் பார்த்தாள். காலி.

"மிதி."

மிதித்தாள்.

"புடி."

பிடித்தாள். பெடல் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அதற்குப் பதிலாக அது அவள் காலை மெல்ல மேலே தள்ளியது.

இரும்பு தள்ளுவதுபோல் இல்லை. ஸ்பிரிங் தள்ளுவதுபோலவும் இல்லை. பெடலின் ரப்பருக்கு அடியில் குதிகால், நடுவில் பள்ளம், விரல்களின் மேடு. ஒரு பாதம். சின்ன வயதில் அக்காவும் அவளும் ஒரே பாயில் எதிரும் புதிருமாகப் படுத்து, பாதத்தோடு பாதம் வைத்துத் தள்ளுவார்கள். எஸ்தரின் கால் மடங்கும்வரை அக்கா தள்ளுவாள். அந்தச் சூடு அவளுக்குத் தெரியும்.

"மாமா."

"வுடாத, வுடாத. தெறந்து கெடக்குது."

"மாமா, பெடலு இன்னாவோ பண்ணுது."

"இப்ப வுடு. இன்னா பண்ணுது?"

அவள் காலை இழுத்துக்கொண்டாள். பெடல் சாதாரணமாக நின்றது. கறுத்த ரப்பர், ஓரம் தேய்ந்தது. அவ்வளவுதான்.

"ஒன்னுமில்ல," என்றாள்.

பயமாக இருந்தது. ஆனால் பயத்தின் நடுவில் வேறு ஒன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்ல முடியாது. அக்கா வந்திருக்கிறாள் என்ற நினைப்பு அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இந்த வீட்டில் அவளுக்கென்று ஒருத்தி.

இரண்டு பின்சக்கரங்களையும் மாட்டி, அவற்றின் முன்னால் கல் வைத்துவிட்டு, ஜோஸ்வா முன்பக்கம் போனார். கார் கொட்டகைக்கு வெளியே மூக்கை நீட்டி, முற்றத்தின் சரிவைப் பார்த்து நின்றது. ஹேண்ட் பிரேக் கம்பி இன்னும் மாட்டவில்லை, அதனால் கல்தான். இடப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியில் தூக்கி, ஒரு சாக்கை விரித்து மல்லாந்து உள்ளே நுழைந்தார். எஸ்தருக்கு முதலில் அவருடைய முழங்கால்கள் தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை.

"மிதி."

மிதித்தாள்.

"எஸ்தரு."

அது கீழேயிருந்து வரவில்லை. அவளுடைய கழுத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. புளித்த வாடை காதோரம் வரை வந்திருந்தது.

அவள் திரும்பவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை.

"பின்சக்கரத்துல நிப்பிள் மேல இருக்குதா கீழ இருக்குதா, பாத்தியாடி?"

அக்காவின் குரல்தான். சளி பிடித்தபோது இருப்பதுபோலக் கொஞ்சம் அடைத்திருந்தது.

"பாக்கல," என்று எஸ்தர் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"நானும் பாக்கல. என்னையும் இங்கதான் குந்த வச்சாரு. மிதி, புடி, வுடு. மாத்தி மாட்டிட்டு என்ன மிதிக்கச் சொன்னாரு. கல்லு மாதிரி இருந்துது பெடலு. நீ முன்னாடி போ, பின்னாடியே வரேன்னாரு."

"புடி," என்றார் ஜோஸ்வா கீழேயிருந்து.

பிடித்தாள். கால் அவர் சொன்னதைச் செய்தது. காது அக்காவைக் கேட்டது.

"அடுத்தது நீதான் எஸ்தரு. ஒனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தான் இல்ல? எதுக்குன்னு கேட்டியா?"

அக்கா அவரை அவன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வெந்நீர். மெதுவான குரல். காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. எடைக்குப் போடாமல் வைத்த கார். லீவு நாளெல்லாம் இதனடியில் கிடந்தது. அவர் அவளுக்காகச் செய்த ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் அப்படியே இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. அழுகை வந்தது. அழுதால் கீழே கேட்கும். விழுங்கிக்கொண்டாள்.

"வுடு."

விட்டாள். குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "மாமா, பின்சக்கரத்துல நிப்பிள் மேலதான இருக்குது?"

பதில் இல்லை.

தூறல் மழையாகியிருந்தது. சக்கரங்களுக்கு நடுவே ஓடும் நீரின் சத்தம் கனத்திருந்தது.

"மாமா?"

"இன்னா திடீர்னு?"

"சும்மாதான்."

இரும்பு இரும்பில் உரசியது.

"மேலதான்," என்றார். "மிதி."

"கேட்டியா," என்றாள் அக்கா. "எவ்ளோ நேரம் யோசிக்கிறான் பாரு."

மிதித்தாள்.

"புடி."

பிடித்தாள். நிப்பிள் திறந்தது. பெடல் இறங்கத் தொடங்கியது. அப்போது, பின்னால், ஈரத்தில் கல் நகரும் சத்தம். ஒரு கரகரப்பு. கார் முழுவதும் ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்தது. நின்றது.

காலில் கனம் வந்தது. இவ்வளவு நேரம் கல் சுமந்த கனம்.

"எஸ்தரு!" அந்தக் குரலில் இதுவரை அவள் கேட்காத ஒன்று. "கல்லு நகந்துடுச்சு. கால எடுக்காத. பிரேக்குலதான் வண்டி நிக்குது. நான் நிப்பிள மூடிட்டு வெளிய வந்துடறேன். வுடாத. நான் சொல்ற வரைக்கும் வுடாத, தங்கம்."

அவர் அவளைத் தங்கம் என்று கூப்பிட்டதே இல்லை.

பெடல் இறங்கியது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"மூடறேன். ஒரு நிமிஷம். கை வழுக்குது."

"தங்கமாம்," என்றாள் அக்கா. "என்னையும் அப்படித்தான் சொல்லுவான்."

"அக்கா, வாணாம்."

"நாளைக்கு நீ பள்ளத்துல கெடப்ப. அடுத்து ஒருத்தி இங்க குந்துவா. செலினாவுக்கு இன்னோர் அம்மா."

"மூடிட்டேன்!" என்றார் ஜோஸ்வா. பெடல் நின்றது. கெட்டியாக நின்றது. "அப்படியே புடி. வெளிய வரேன். புடி எஸ்தரு."

சாக்கு உரசும் சத்தம். முழங்கை தரையில் ஊன்றும் சத்தம்.

புடி.

"வுடு," என்றாள் அக்கா.

அவ்வளவு அன்பாகச் சொன்னாள். பாயில் படுத்துப் பாதத்தைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் சிரித்துக்கொண்டே சொல்வதுபோல.

எஸ்தர் காலை எடுத்தாள்.

கார் இரண்டடி போனது. அதற்கு மேல் போகவில்லை. ஜாக்கி சாயும் சத்தம் ஒன்று. அதன் பிறகு ஒரு சத்தம். அது கத்தல் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் ஒருமுறை அடித்ததுபோல.

மழை.

அவள் இறங்கினாள். கதவைச் சாத்தவில்லை. இடப்பக்கம் போக வேண்டும். கால்கள் போகவில்லை. பின்பக்கம் போயின. வலச்சக்கரத்தின் அருகில் சேற்றில் முட்டி போட்டு, உள்பக்கம் தலையை நுழைத்துப் பார்த்தாள்.

நிப்பிள் மேலே இருந்தது.

இடச்சக்கரத்துக்குத் தவழ்ந்து போனாள். அங்கும் மேலே. சுத்தமாகத் துடைத்து, தூசி போகாமல் சின்ன ரப்பர் மூடி போட்டு, மேலே.

"அக்கா," என்றாள். "அக்கா, மேல இருக்குதே."

புளித்த வாடை இல்லை. மழையில் ஆயில் வாடைகூட இல்லை.

"அக்கா, நீ சொன்னியே."

"மிதி," என்றார் ஜோஸ்வா.

அவருடைய குரல்தான். வலியில்லாத குரல். கொஞ்சம் களைத்த, வேலை நடுவில் இருக்கிற குரல். உயிரோடு இருக்கிறார். எஸ்தர் எழுந்து, வழுக்கி, எழுந்து, காரைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் ஓடினாள்.

காரின் ஓரத்துக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே கிடந்தது. உள்ளங்கை வானத்தைப் பார்த்திருந்தது. அதன் குழியில் மழைநீர் நிறைந்திருந்தது. நீர் அசையவில்லை.

"புடி," என்றார் ஜோஸ்வா.

"புடிச்சிருக்கேன் மாமா," என்றாள் அக்கா.

குரல் வந்தது முன்சீட்டிலிருந்து. எஸ்தர் எழுந்த இடத்திலிருந்து. இடப்பக்க ஜன்னல் வழியே பார்த்தாள். யாரும் இல்லை. ஆனால் சீட் அமுங்கியிருந்தது. பெடல் பாதி இறங்கி, அங்கேயே, அசையாமல், கெட்டியாக.

கையின் அருகில் பாட்டில் சாயாமல் நின்றது. டியூப் வழியே ஆயில் தேன் நிறத்தில் இறங்கியது. குமிழ் இல்லை. ஒன்றுகூட இல்லை.

"பூடுச்சு மேரி," என்றார் ஜோஸ்வா. "எல்லா ஏரும் பூடுச்சு."

"அப்ப வாங்க," என்றாள் அக்கா. "நனையாதீங்க."

எஸ்தர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை அங்கேதான் கிடந்தது. உள்ளங்கை நீர் அப்படியே இருந்தது. ஆனால் அடுத்தமுறை அவர் குரல் கேட்டபோது அது காருக்குள்ளிருந்து கேட்டது. அக்காவின் குரலுக்குப் பக்கத்தில். தணிந்து, என்னவென்று புரியாமல், புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரியில் பேசிக்கொள்வதுபோல. ஓட்டுநர் பக்கத்துக் கதவு உள்ளிருந்து மெதுவாகச் சாத்தப்பட்டது.

அவள் இடப்பக்கக் கதவின் கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. கண்ணாடியில் தட்டினாள். உள்ளே பேச்சு ஒரு கணம் நின்றது. யாரோ அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பேச்சு தொடர்ந்தது.

காருக்குப் பின்னால் இரண்டு பிரேக் விளக்குகளும் எரிந்தன. கொட்டகையின் தகரம், வழிகிற நீர், கல் நகர்ந்த தடம், மேட்டை மூடிய பனி, எல்லாம் சிவந்தன. அவள் அந்தச் சிவப்பில், கண்ணாடியில் கையை வைத்தபடி, அது அணைவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்தவள் பெடலிலிருந்து காலை எடுக்கவே இல்லை.